சோடாப் பெட்டியில் துரு

15.9.96, ஞாயிறு

பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் ஏழு பேர் ஒரே கணக்கில் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள். ஏழு பேருக்கும் தனித்தனியாக ஒரே தப்பு தோன்றாது. நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

மத்தியானம் டைட்டஸ் ஒரு குட்டி லாரியோடு வந்தான். தூத்துக்குடியில் கப்பல் சாமான்களை ஏலம் எடுத்து விற்கிறவன். போன வருஷம் அவனிடம் வாங்கிய கப்பல் கடிகாரம் இன்றுவரை ஒழுங்காக ஓடுகிறது; அதுவே எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. இந்தத் தடவை, சொன்னபடி சோடாப் பெட்டி. ஏதோ வெளிநாட்டுக் கப்பலில் மாலுமிகள் சாப்பிடும் இடத்தில் நின்றதாம். ஆள் உயரம், சிவப்புத் தகரம், பாதி துரு. ஓரத்தில் ஒல்லியான கண்ணாடிக் கதவு. அதைத் திறந்தால் வரிசையாக வட்ட ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு புட்டி படுத்திருக்க வேண்டும். காசைப் போட்டால் ஒரு புட்டியை மட்டும் கழுத்தைப் பிடித்து இழுக்க விடும், இரண்டாவதை விடாது. என்னைப் போலவே யாரையும் நம்பாத மெஷின். பார்த்த உடனே பிடித்துப்போயிற்று.

வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே ரேழியில் நிறுத்தினோம். வேறு எங்கேயும் நுழையாது. என் சகதர்மிணி வித்யா சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேசாம ஒரு யானையக் கட்டியிருக்கலாம். பிள்ளைகளாவது வந்து பார்க்கும்," என்றாள்.

17.9.96

வைத்தி வந்தான். அடுத்த வீடு, தபால் ஆபீஸ் குமாஸ்தா, ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. மனைவி பாலாம்பாள் போய் நாலு வருஷமாகிறது, மகள் பம்பாயில். நான் எதைப் பிரித்து மாட்டினாலும் பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் அவன்தான். பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தான். "என்ன சரக்குடா ஹரி. இது மாதிரி இந்த ஜில்லாவுலயே இருக்காது." வித்யா உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

வைத்திக்குக் கண் பொல்லாது என்று தெருவில் பேர். கோடி வீட்டுப் பசுவை "என்ன மடி பார்" என்றானாம், பால் வற்றிப்போயிற்றாம். ஒரு கல்யாணப் பந்தலை மெச்சினானாம், மழையில் சரிந்ததாம். பந்தல் மழையில் சரியாமல் வெயிலிலா சரியும்? ஆனால் அப்பளம் காயப்போடுகிறவர்கள் அவன் வருவதைப் பார்த்தால் தட்டுமேல் துணியை இழுத்து விடுகிறார்கள். கைக்குழந்தைகளை உள்ளே தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதனால் அவன் வெளியில் எதைப் பார்த்தும் வாயைத் திறப்பதில்லை. "உங்காத்துல மட்டுந்தாண்டா எனக்கு ஒண்ணை நன்னாருக்குன்னு சொல்ல முடியறது" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னான். நான் கணக்கு வாத்தியார். கண்ணாவது மண்ணாவது.

22.9.96, ஞாயிறு

முழு நாளும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இடது பக்கத் தகரம் வெள்ளி மாதிரி வந்துவிட்டது. காசு விழும் பொறியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன். உள்ளே அமெரிக்காக் காசு ஒன்று சிக்கியிருந்தது. நம் எட்டணா அதைவிடக் கொஞ்சம் அகலம், ஆனால் எடை குறைவு. வளையத்தை அரத்தால் ராவ வேண்டும், நெம்புகோலின் மறுபக்க எடையையும் குறைக்க வேண்டும். நல்ல கணக்கு.

மேலே நெற்றியில் பெயர்ப்பலகைக் கூடு இருக்கிறது. முன்கண்ணாடி உடைந்துவிட்டது, தகரத்தை வைத்துத் திருகியிருக்கிறேன். அது அலங்காரம்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

2.10.96

லீவு. செங்காவி பிரைமர் அடித்தாயிற்று. டப்பாவைப் பிடித்துக்கொண்டு வைத்தி. "இந்தப் பக்கம் மட்டும் அடிக்காமலே விட்டுடலாம் போல இருக்கு, அவ்வளவு வழவழன்னு இருக்கு," என்றான். சந்தோஷமாக இருந்தது. இன்னொருத்தன் பார்த்துச் சொல்லாவிட்டால் இந்த வேலையெல்லாம் எதற்கு?

6.10.96, ஞாயிறு

துரு.

இடது பக்கம், மேலிருந்து கோடு கோடாக. பிரைமரைத் தூக்கிக்கொண்டு அடியிலிருந்து வந்திருக்கிறது. காசுப் பொறி வரைக்கும் இறங்கியிருக்கிறது. ஓடு ஒழுகுகிறது, வேறென்ன.

9.10.96

ஆள் ஏற்றிப் பார்த்தாயிற்று. ஓடு ஒழுகவில்லை. ரேழியில் தரை காய்ந்திருக்கிறது, சுவர் காய்ந்திருக்கிறது, பெட்டிக்குள் மட்டும் ஈரம்.

10.10.96

பூனையாக இருக்குமோ? அவ்வளவு உயரத்திலா?

13.10.96, ஞாயிறு

மறுபடி தேய்த்து மறுபடி பிரைமர். டைட்டஸ் டிரான்ஸ்ஃபார்மர் கொண்டுவந்தான். கப்பல் மெஷினுக்கு நம் கரண்டில் பாதி போதும். அவனிடம் நேராகவே கேட்டேன். பிரைமரும் அவன் கொடுத்ததுதான், பெட்டியும் அவன் கொடுத்ததுதான். "கடற்கரையில வருஷக்கணக்கா கிடந்த சரக்கு. தகரத்துல உப்பு ஊறியிருக்கு. உனக்குத் தெரிஞ்சுதான் என் தலையில கட்டியிருக்கே," என்றேன்.

அவன் முகம் சுண்டிவிட்டது. "குடோன்ல வச்சிருந்தேன் சார், கடல்லயா முக்கி வச்சிருந்தேன்? எங்க ஊரு உப்புதான் உங்க அடுப்பங்கரையிலயும் இருக்கு. அதுக்காவ சொம்பு தவலைல்லாம் துருப்பிடிச்சா போச்சு?" என்றான். காபி குடிக்காமல் போய்விட்டான்.

சொம்பு பித்தளை. துருப்பிடிக்காது. அதைச் சொல்வதற்குள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். குற்றம் உள்ளவன்தான் இவ்வளவு வேகமாகக் கிளம்புவான்.

20.10.96, ஞாயிறு

ஆயுத பூஜை. பெட்டிக்கும் வித்யா சந்தனம் குங்குமம் வைத்தாள். நெற்றியில் ஒரு முழம் கதம்பம் வேறு. இவளுக்கு இதன்மேல் இத்தனை பக்தி எப்போது வந்தது?

சுண்டலுக்கு வைத்தி வந்தான். "கல்யாணப் பொண்ணு தோத்தா போ. சிவப்புல அந்தச் சந்தனம் எப்படி எடுக்கறது பாரு," என்றான். உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது.

23.10.96

மறுபடியும். அதே இடம், அதே கோடுகள். நெம்புகோல் அசையவில்லை. மூன்று வாரத்து வேலை. யாரோ என் உழைப்பில் விளையாடுகிறார்கள். சும்மா விடப்போவதில்லை.

26.10.96

பள்ளியிலிருந்து வந்தபோது சமையலறை முக்காலி ரேழியில், பெட்டிக்குப் பக்கத்தில். கேட்டால் ஒட்டடை அடித்தேன் என்கிறாள். ஒட்டடை அப்படியே இருக்கிறது. நான் மேலே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பாதி அடிக்கறதுக்குள்ள பால் பொங்கிடுத்து," என்றாள்.

அவளுக்கு முதல் நாளிலிருந்தே இதைப் பிடிக்கவில்லை. கெட்டுப்போனால் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று எண்ணமோ? இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளை இப்படி நினைக்கிறோமே என்றும் இருக்கிறது. ஆனால் முக்காலி பொய் சொல்லாது.

29.10.96

இரண்டு நாளாக வித்யாவைக் கண்காணித்தேன். ஒன்றும் செய்யவில்லை. பெட்டியைக் கடந்து போகும்போது பைய ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுக்கொள்கிறாள், அவ்வளவுதான். கெடுக்க நினைக்கிறவள் கும்பிட மாட்டாள்.

3.11.96, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்.

அக்டோபர் இரண்டாம் தேதி வைத்தி வந்தான், ஞாயிற்றுக்கிழமை துரு. ஆயுத பூஜைக்கு வந்தான், புதன்கிழமை துரு. நேற்று முன்தினம் வந்து, "கதவுக் கண்ணாடி பளபளன்னு இருக்குடா" என்றான். இன்று கதவின் கீல் ஓரத்தில் புதுக் கோடு.

சிலருடைய உள்ளங்கை வேர்வைக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். வைத்தி எதையும் தொட்டுத் தடவிப் பார்க்கிறவன். சரியாகத்தான் வருகிறது. வேர்வை. விஞ்ஞானம்.

ஆனால் துரு மேலிருந்து ஆரம்பிக்கிறது. வைத்தி குட்டை. அங்கே அவன் கை எட்டாது. கண்தான் எட்டும்.

இதை எழுதினது நானா? சீ. என்ன எழுதறேன் நான். புத்தி பேதலிச்சுப் போச்சா எனக்கு?

வேர்வைதான்.

10.11.96, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முதல் வேலையாக ஒரு பழைய போர்வையை எடுத்துப் பெட்டியைத் தலையோடு காலாக மூடினேன். பட்டாசுப் புகை படக் கூடாது என்று வித்யாவிடம் சொன்னேன். போர்வையின் ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்துவிட்டுப் போனாள்.

வைத்தி தீபாவளி லேகியத்தோடு வந்தான். ரேழியில் நின்றான்.

"என்னடா, தூங்கறதா?" என்றான்.

"பெயிண்ட் ஈரமா இருக்கு. தூசி படும்."

ஈரப் பெயிண்டின் மேல் யாராவது போர்வையைப் போர்த்துவார்களா? பெயிண்ட் வாசனைகூட இல்லை. எனக்கு வேறு பொய் வரவில்லை. வைத்தி போர்வையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஆமாமா, தூசி," என்றான். வித்யா கொடுத்த பட்சணத்தை நின்றபடியே வாங்கிக்கொண்டு போய்விட்டான். உட்காரவில்லை.

வேர்வைக்குப் பயந்தவன் "தொடாதேடா" என்று சொல்லியிருக்கலாம். போர்வை எதற்கு?

17.11.96, ஞாயிறு

வைத்தி வரவில்லை. வாரம் முழுக்க வரவில்லை. இடது பக்கம், கதவின் கீல், நெம்புகோல் எல்லாவற்றையும் தேய்த்து பிரைமர் அடித்து, வெளிப்பக்கம் அதன்மேல் கடைசிச் சிவப்பும் அடித்தாயிற்று.

24.11.96, ஞாயிறு

ஒரு பொட்டுத் துரு இல்லை.

வெளியே விடாமல் மழை. துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை, பெட்டி மட்டும் குத்துக்கல் மாதிரி நிற்கிறது. வைத்தி வராத இரண்டு வாரம். எந்தப் பையனாவது இப்படி ஒரு நிரூபணம் எழுதினால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். வித்யா, "பாத்தேளா," என்று மட்டும் சொன்னாள். எதைப் பார்க்கச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள் என்று பயம்.

1.12.96, ஞாயிறு

பாளையங்கோட்டையிலிருந்து ஃபிரிட்ஜ் மெக்கானிக் வந்து கேஸ் ஏற்றினார். உறுமிக்கொண்டு ஓடுகிறது. உள்ளே கையை வைத்தால் சில்லிடுகிறது. எட்டணாவைப் போட்டேன், ஒரே ஒரு புட்டி வந்தது. காசு போடாமல் இழுத்தேன், வரவில்லை. பன்னிரண்டு தடவையாவது போட்டு இழுத்திருப்பேன். பிறகு அலுத்துவிட்டது. பக்கத்தில் யாருமில்லை.

சாயங்காலம் ஆற்றுக்குப் போகிற வழியில் வைத்தி எதிரே வந்தான். "ஆயிடுத்தா?" என்றான். "ஆயிண்டிருக்கு," என்றேன். ஓடுகிற மெஷினை ஓடவில்லை என்றேன். வந்து பார் என்று சொல்ல வாய் வரவில்லை. அவனும் வரட்டுமா என்று கேட்கவில்லை. தண்ணீர் நிறையப் போகிறது என்று ஆற்றைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் பிரிந்தோம்.

8.12.96, ஞாயிறு

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பெயர்ப்பலகைக்கு அளவெடுக்க மேல் கூட்டைத் திறந்தேன். செப்டம்பரில் மூடினதற்குப் பிறகு இன்றுதான் திறக்கிறேன். முன்பக்கம் என் தகரம் திருகினபடியே இருந்தது. பின்பக்கம், சுவரை ஒட்டி, கை நுழைகிற அளவுக்கு இடைவெளி. உள்ளே மஞ்சள் துணி முடிச்சுகள். மொத்தம் நாலு. எல்லாம் சொதசொதவென்று. அடியில் தகரம் அரித்து, தண்ணீர் இறங்கின தடம் நேராக இடது பக்கத்துக்குப் போகிறது. ஒரு முடிச்சைப் பிரித்தேன். மூன்று மிளகாய் வற்றல், மீதி ஈரம். நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

வித்யாவைக் கூப்பிட்டேன். மறைக்கவில்லை. வைத்தி வந்து ஏதாவது சொல்லிவிட்டுப் போகிற ஒவ்வொரு தடவையும் கல்லுப்பும் மிளகாயும் சுற்றி முடிந்து வைத்திருக்கிறாள். "உப்பு கரைஞ்சா கண்ணை வாங்கிண்டுடுத்துன்னு அர்த்தம். நாலும் கரைஞ்சிருக்கு பாருங்கோ, எவ்வளவு கண்ணுன்னு," என்றாள். அழுகையாக இருந்தது எனக்கு. ஐப்பசி கார்த்திகை மழையில் ஜாடி உப்பே கசிகிறது. துணியில் முடிந்த உப்பு கரையாமல் என்ன செய்யும்? அவள் உப்பு வைத்ததால் துரு. துருவைப் பார்த்ததும் கண் பட்டது நிஜம். நிஜம் என்றதும் இன்னொரு முடிச்சு. அவன் வருவது நின்றதும் புது உப்பு நின்றது, பழசு பெரும்பாலும் வடிந்திருந்தது, துருவும் நின்றது. நான் முழு மதிப்பெண் போட்டேன்.

கத்திவிட்டேன். எவ்வளவு வேலை, எவ்வளவு நாள், உனக்கு மூளை இருக்கா, ஒரு மனுஷனைப் போய் — எல்லாம் சொன்னேன்.

அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்களுக்காகத்தான் வச்சேன். நீங்க இதையே கட்டிண்டு கிடக்கறேளே, பாழாப் போயிடக் கூடாதேன்னு," என்றாள். உள்ளே போகிறவள் நின்று திரும்பி, "நான் உப்பு வச்சேன், அவருக்குத் தெரியாது. போர்வையப் போட்டது நீங்க. அது அவர் மூஞ்சிக்கு நேரே," என்றாள்.

பிரித்த முடிச்சை மறுபடி கட்டி எடுத்து வைத்தேன்.

9.12.96

பள்ளிவிட்டு நேரே வைத்தி வீட்டுக்குப் போனேன். கையில் அந்த முடிச்சு. எல்லாவற்றையும் சொன்னேன். போர்வை தூசிக்காகப் போட்டதில்லை என்பதையும் சொன்னேன். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முடிச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரித்தான். "உப்பா," என்றான். "சரி விடுடா. காபி குடிக்கறியா?"

குடித்தேன். அவனே போட்ட காபி, கசந்தது. தம்ளரை அலம்பி வைத்துவிட்டு வந்து, எனக்கு எதிரே உட்காராமல் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு பேசினான்.

"ஊர்ல சொன்னப்பல்லாம் நான் நம்பினதே இல்லடா. முட்டாப் பசங்கன்னு நெனச்சுப்பேன். நீ மூடினப்பதான், ஒருவேளை இருக்குமோன்னு தோணித்து. நீ கணக்குப் போடாம ஒண்ணும் செய்ய மாட்டியே."

"அதான் தப்புக் கணக்குன்னு சொல்றேனேடா. உப்புடா, வைத்தி. வெறும் உப்பு."

"உன் பெட்டிக்கு உப்பு. சரி." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "பாலா போறதுக்கு முந்தின வாரம், பம்பாய்லேர்ந்து பொண்ணு வாங்கிண்டு வந்த பொடவையக் கட்டிண்டு வந்து நின்னா. இந்தக் கூடத்துலதான். உனக்கு ரொம்ப நன்னாருக்குடின்னு சொன்னேன். நாலு வருஷமா அது ஞாபகம் வந்தா சந்தோஷமா இருக்கும். இப்ப ஒரு மாசமா அப்படி இல்ல."

என்னென்னவோ சொன்னேன். டாக்டர் சொன்னது, ரத்த அழுத்தம், எல்லாம். தலையாட்டிக்கொண்டே கேட்டான். எல்லாவற்றுக்கும் "ஆமாமா" என்றான். வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

இவ்வளவு சுலபமாக மன்னிக்கிறவனை நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த மன்னிப்பின் மேல் நம்பிக்கை இல்லை.

15.12.96, ஞாயிறு

வரவில்லை.

22.12.96, ஞாயிறு

அரைப் பரீட்சைத் தாள்கள். வைத்தி வீட்டில் நாள் பூராவும் ஜன்னல் சாத்தியிருந்தது. இரண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். ஆபீஸில் வருஷக் கடைசி, வேலை ஜாஸ்தி என்றான். மெஷினை அணைத்து வைத்திருக்கிறேன். அவன் பார்க்காமல் யாருக்கும் காட்டப்போவதில்லை என்று வித்யாவிடம் சொன்னேன். "அதுவும் அவருக்கு பாரந்தான்," என்றாள். அவள் சொல்வது சரி. மேல் கூட்டை அவளே சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தாள்.

12.1.97, ஞாயிறு

பொங்கலுக்கு ஊரில் எல்லாரும் வந்திருக்கிறார்கள், இன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று வித்யா நாள் குறித்துவிட்டாள். காலையில் பெயர்க் கண்ணாடியை மாட்டி விளக்கைப் போட்டேன். ஆரஞ்சுக் கலர், பன்னீர் சோடா, இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கினேன். சற்று நேரத்தில் பாதித் தெரு ரேழியில். வித்யா ஒரு தட்டில் எட்டணாக்களை வைத்துக்கொண்டு ஆளுக்கொன்று கொடுத்தாள். கைக்குழந்தையோடு நாலு பெண்கள். ஒரு பையன் காசு போடாமல் இழுத்துப் பார்த்தான், மெஷின் விடவில்லை.

டைட்டஸ் மனைவி ஃபிளோராவோடு வந்திருந்தான். பிரைமரைப் பற்றிச் சொன்னதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க சார். நீங்க சந்தேகப்படலன்னாதான் உடம்புக்கு என்னமோன்னு நெனப்பேன்," என்றான். அவன் வீட்டம்மா சிரித்தாள். அந்தச் சண்டை அதோடு தீர்ந்தது.

வைத்தி வரவில்லை. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வித்யா தட்டை ஃபிளோராவிடம் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். வெகு நேரம் கழித்து இரண்டு பேரும் வந்தார்கள். அவள் முன்னால், அவன் பின்னால்.

வாசற்படியில் நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கத்தான் என்று நினைத்தேன். மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தான். கண்ணாடி இல்லாவிட்டால் அவனுக்கு நாலடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. அது தெருவுக்கே தெரியும்.

"கண்ணாடியப் போட்டுக்கோடா," என்றேன்.

"இருக்கட்டும்டா. கொழந்தேள்லாம் வந்திருக்கு," என்றான்.

வித்யா உள்ளே போய்விட்டாள். நான் அவன் கையைப் பிடித்துப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். காசை அவன் விரலில் கொடுத்து, விரலை ஓட்டைக்குக் கொண்டுபோனேன். காசு விழுந்தது. புட்டியை அவனே தடவிப் பார்த்து இழுத்தான். திறந்து கொடுத்தேன்.

"ஜில்லுன்னு இருக்கு," என்றான், தரையைப் பார்த்து.